கொடுமுடி சுந்தராம்பாள்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சிச் சீமையில் கூழ் வார்க்காத மாரியம்மன் கோயில் கிடையாது. ஒலிபெருக்கி கட்டாத வேப்பமரமும் கிடையாது. கோழி கூவும் வேளையில் அவ்வொலிபெருக்கிகளில் எழும் முதற்குரல் பெரும்பாலும் ஒரு ஸ்திரீயின் குரலாகவே இருக்கிறது. குழைவும் கொஞ்சலும் இல்லாமல், வெண்கல மணியை அடித்தாற்போல் கணீரென்று எழுந்து, கோமுகி ஆற்றங்கரை வயல்களைக் கடந்து, கல்வராயன் மலையடிவாரம் வரையில் சென்று எதிரொலிக்கும் குரல் அது. ஏர் பூட்டப் புறப்படும் குடியானவர் ஒரு கணம் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அக்குரலுக்கு உரியவர் 1980-ஆம் வருஷத்திலேயே காலஞ்சென்றுவிட்டார் என்பதை அவர் அறியார். அவர் எந்த ஊர், என்ன பாடுபட்டார், தேசத்துக்கு என்ன செய்தார் என்பதையும் அறியார். அக்குடியானவரை நாம் குறை கூறவில்லை. அவருக்கு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்ட படித்தவர்களாகிய நாம்தான் சொல்லத் தவறினோம்.

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாளின் சரித்திரத்தை இன்று நாம் எழுதப் புகுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நமது நாட்டில் ஒரு விசித்திர வழக்கம் இருந்து வருகிறது. பாடகியின் பாட்டைப் பூஜை அறைக்குள் அழைப்போம். பாடகியைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்துவோம். நாடகத்தை விடிய விடியப் பார்ப்போம். விடிந்ததும் நடித்தவளைக் கூத்தாடி என்போம். இந்த அநீதியை எதிர்த்து அம்மையார் எந்த மேடையிலும் வாதாடினாரென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அவருடைய வாழ்நாள் முழுவதுமே இதற்கு எதிரான ஒரு நீண்ட வாதம் என்பது நமது அபிப்பிராயம்.

காவேரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் வருஷம் அவர் பிறந்தார். தாயார் பாலாம்பாள், குடும்பம் பரம ஏழைக் குடும்பம். தமையனின் ஆதரவில் தாய் குழந்தைகளை வளர்த்தாள். அரிசிப் பானை காலியாக இருந்த நாட்களில் சிறுமி சுந்தராம்பாள் ரயில் வண்டியில் ஏறிப் பாடினாள். பிரயாணிகள் போட்ட காசு அன்றைய சோறாயிற்று. அந்த வண்டிகளில் ஒன்றில்தான் எப். ஜி. நடேசய்யர் அவள் பாட்டைக் கேட்டார். அவர் ரயில்வேயில் உயர்ந்த உத்தியோகஸ்தர், தாமே நடிகர், திருச்சிராப்பள்ளியில் ரசிக ரஞ்சன சபையை நிறுவியவர். பிச்சைக்காரக் குழந்தை என்று ஒரு காசை எறிந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாமல், அக்குழந்தையின் தொண்டையில் இருந்தது இன்னதென்று கண்டுகொண்டார். அவருடைய உதவியால் சுந்தராம்பாள் வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தாள். ஆரம்பத்தில் அவளுக்குக் கிடைத்தவை பையன் வேஷங்கள்.

அக்காலத்து நாடக மேடை எத்தகையது என்பதை இக்கால வாசகர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது. தகரக் கொட்டகையின் கடைசி மூலையில் தரை டிக்கட்டில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வொரு எழுத்தும் விழ வேண்டும். விழாவிட்டால் அவன் சும்மா இரான். எனவே ஆண்களே அஞ்சும் உச்ச சுருதியில் இரவு பத்து மணி முதல் விடியும் வரை பாட வேண்டியிருந்தது. 'ஸ்பெஷல் நாடகம்' என்ற ஏற்பாட்டில் நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகை என்பதே இல்லாமல், மேடையிலேயே சந்தித்துக்கொள்வார்கள். வள்ளி ஒரு ராகத்தில் கேள்வி போட்டால் வேலன் அதே ராகத்தில் பதில் சொல்ல வேண்டும். தடுமாறினவர் அந்த ஊரில் மறுபடி தலைகாட்ட இயலாது. இத்தகைய மல்யுத்தத்தில் பதினாறு பதினேழு வயதுப் பெண்ணொருத்தி ஆண் சிங்கங்களுக்கு ஈடுகொடுத்து நின்றாள் என்றால், அது சாமானியமன்று. ஸ்திரீ வேஷங்களைப் பையன்களே கட்டிவந்த காலம் அது. மேடையேறிய பெண்ணை ஊரார் என்னவென்று நினைத்தார்கள் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. சாட்சி விசாரணை இன்றியே தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது.

அந்நாளில் தமிழ் நாடகக் கம்பெனிகளுக்கு இலங்கை ஒரு தாய்வீடு. அங்கேதான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒரே மேடையில் சந்தித்தார்கள். கிட்டப்பா 1906-இல் பிறந்தவர். பாலப் பருவத்திலேயே கன்னையா கம்பெனியில் புகழ் கொண்டவர். கந்தர்வ கானம் என்று தமிழ்நாடு முழுவதும் கொண்டாடப்பட்டவர். இருவரும் சேர்ந்து நடித்த 'வள்ளித் திருமண'த்தைக் காண ஜனங்கள் மைல் கணக்கில் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 1927-இல் இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். கிட்டப்பா முன்னரே மணமானவர், பிராமண குலத்தவர். ஆகவே இவ்விணைப்பு அம்மையாருக்கு மகிழ்ச்சியை மட்டும் அளித்ததென்று சொல்ல முடியாது. கணவருக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கானவர் கைதட்டும் நடிகையாக அல்லாமல், பிரிவிலும் சந்தேகத்திலும் உழலும் ஓர் எளிய பெண்ணாகவே அவற்றில் அவர் காட்சியளிக்கிறார்.

கிட்டப்பாவின் உடல்நிலை விரைவில் சீர்குலைந்தது. மது அவரைப் பற்றிக்கொண்டது என்பதை அக்கால நாடக உலகை அறிந்தவர்கள் மறைக்கவில்லை. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி, இருபத்தேழாவது வயதில், அந்த மகாகலைஞர் மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அன்றுமுதல் வெள்ளைப் புடவை உடுத்தினார், ஆபரணங்களைத் துறந்தார், இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். நாற்பத்தேழு வருஷ காலம், இறுதி மூச்சு வரையில், அவ்வுறுதி தளரவில்லை.

துக்கத்தில் மூழ்கிக் கிடந்த அவரை மறுபடி பொது வாழ்வுக்கு இழுத்தவர்களில் முதன்மையானவர் தீரர் சத்தியமூர்த்தி. நாடகக்காரர்களைத் தீண்டத்தகாதவராக எண்ணிய அரசியல்வாதிகள் மத்தியில், அவர்களைத் தேசத் தொண்டர்களாக மதித்தவர் அவர். பத்திரிகை எழுத்தறிந்தவனுக்கு மட்டும் எட்டும். பாட்டோ எழுத்தறியாதவனையும் எட்டிவிடும். நாடகக் கொட்டகைகளைக் கண்டு சர்க்கார் நடுங்கியதற்கும் 1876-ஆம் வருஷத்து நாடகச் சட்டத்தைப் பிரயோகித்ததற்கும் காரணம் இதுவேயாம். தினைப்புனத்தில் கொக்கு விரட்டும் சாக்கில் வெள்ளைக் கொக்கைப் பற்றி விசுவநாததாஸ் பாடினால், கொட்டகை முழுவதும் பொருளைப் புரிந்துகொண்டு ஆரவாரிக்கும். கொக்கு என்பது இங்கிலீஷ்காரனைத்தான் குறிக்கிறது என்று சர்க்கார் தரப்பே கோர்ட்டில் ருசுப்படுத்த வேண்டிய சங்கடத்தை எண்ணிப் பார்த்தால், வக்கீல் தொழில் அறிந்த நமக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. அந்த விசுவநாததாஸ் 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில் முருகன் வேஷத்தில் மேடைமீதே உயிர் நீத்தார்.

இந்தப் பாசறையில்தான் சுந்தராம்பாளும் நின்றார். காங்கிரஸ் கூட்டங்களில் அவர் பாடினார். தேசிய கீதங்களை இசைத்தட்டுகளில் பதிந்தார். 1937-ஆம் வருஷத் தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159 ஸ்தானங்களைக் காங்கிரஸ் கைப்பற்றிய வெற்றியில் மேடைப் பிரசங்கிகளுக்குப் பங்குண்டு என்பதை யாவரும் ஒப்புவர். பிரசங்கி வருவதற்கு முன் கூட்டத்தைச் சேர்த்தும், அவர் வரும்வரையில் கலையாமல் காத்தும் கொடுத்த பாடகர்களின் பங்கை யார் கணக்கிட்டார்கள்? மகாத்மா காந்தி கொடுமுடியில் அம்மையாரின் இல்லத்துக்கு எழுந்தருளியதையும், பரிமாறிய பொற்தட்டையே கேட்டு வாங்கிச் சென்றதையும் கொங்கு நாட்டார் இன்றும் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறார்கள்.

இடையில் 1935-இல் நிகழ்ந்தது தமிழ்ப் படவுலகம் அதுவரை கண்டிராத ஒன்று. 'பக்த நந்தனார்' என்ற பேசும் படத்தில் நந்தனாராக நடிக்கும்படி செல்லாராம் குடும்பத்தைச் சேர்ந்த முதலாளி அம்மையாரை அணுகினார். அவருக்குப் படத்தில் நடிக்க விருப்பமில்லை. கேட்டவர் ஓடிவிடுவார் என்று எண்ணி ஒரு லக்ஷம் ரூபாய் கேட்டார். அவர் ஓடவில்லை, ஒப்புக்கொண்டார். ரயில் வண்டியில் காலணாவுக்குப் பாடிய குழந்தை, அன்று இந்தியாவில் எந்த நட்சத்திரமும் பெற்றறியாத தொகையைப் பெற்றது. மாணிக்லால் டாண்டன் இயக்கிய அப்படத்தில் வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். படம் பணத்துக்குத் தக்க வெற்றி பெறவில்லை. பத்திரிகை விமர்சகர்களும் அதைத் தாராளமாகவே கிண்டல் செய்தார்கள்.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வசூலை அன்று. பூனா ஒப்பந்தம் 1932-இல் நடந்தது. மகாத்மா ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாடு வந்தது 1934-இல். மதுரை மீனாக்ஷி கோயிலின் கதவு ஹரிஜனங்களுக்குத் திறந்தது 1939 ஜூலையில். இந்த இடைக்காலத்தில், கோயிலுக்குள் புக முடியாத சேரிவாசியின் ஏக்கத்தை, சமூகத்தில் சம அந்தஸ்து பெறாத ஒரு நாடகப் பெண் தம் குரலில் ஏற்றுப் பாடினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதிய எஜமானனைத் தம் கீர்த்தனைகளில் படைத்து, பண்ணையாளின் அடிமைத்தனத்தைத் தோலுரித்துக் காட்டியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். இக்கதையிலும் குறையில்லாமல் இல்லை. நந்தன் தீயில் மூழ்கி எழுந்த பிறகே தில்லையில் இடம் பெறுகிறான். கதவு திறந்ததேயன்றிக் கதவடைத்தவன் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. இக்குறையைச் சுட்டுவோர் சுட்டுவது நியாயமே. எனினும் சட்டம் பிறப்பதற்கு முன் மனம் இளக வேண்டும். மனத்தை இளக்கும் வேலையை அக்குரல் செய்தது.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் இதற்கு நேரான ஒரு சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. ஹாட்டி மக்டேனியல் என்பவர் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒரு நீக்ரோ போர்வீரரின் மகள்; 1893-இல் பிறந்தவர்; கூடார நாடகங்களில் பாடி வளர்ந்தவர். படங்களில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வேலைக்காரி வேஷங்களே. 'கான் வித் தி விண்ட்' படத்துக்காக 1940-இல் ஆஸ்கர் பரிசு பெற்ற முதல் கறுப்பின நடிகர் அவரே. பரிசளிப்பு நடந்த ஹோட்டலில் சக நடிகர்களோடு உட்கார அனுமதியின்றிச் சுவரோரத்தில் தனி மேஜையில் அவர் உட்கார்த்தப்பட்டார். 1952-இல் அவர் இறந்தபோது, அவர் விரும்பிய மயானமும் நிறத்தைக் காரணம் காட்டி இடம் மறுத்தது. அதற்கு முன், 1939-இல், மாரியன் ஆண்டர்ஸன் என்ற மகாபாடகிக்கு வாஷிங்டனில் ஒரு மண்டபம் மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் ஞாபகச் சின்னத்தின் படிகளில் நின்று எழுபத்தையாயிரம் ஜனங்களுக்குத் திறந்த வெளியில் பாடினார். அங்கே நிறம், இங்கே ஜாதியும் தொழிலும். பாட்டுக்குக் கதவு திறப்பதும் பாடியவருக்குக் கதவடைப்பதும் இரண்டு கண்டங்களிலும் ஒன்றாகவே இருந்தன.

ஆயினும் ஒரு வித்தியாசம் உண்டு. அது தமிழ்நாட்டுக்குக் கௌரவம் தருவது. 1951-இல் சுந்தராம்பாள் சென்னைச் சட்ட மேல்சபையில் காங்கிரஸ் அங்கத்தினராக அமர்ந்தார். இந்தியாவில் படவுலகிலிருந்து சட்டசபைக்குள் காலடி வைத்தவர்களில் அவரே முதல்வர். அவருக்குப் பின் அவ்வழியே சென்று முதல் மந்திரிகள் ஆனவர்களின் பெயர்களை நேயர்கள் நன்கறிவர். அவ்வழியின் முதற் கல் ஓர் ஏழைப் பெண்ணின் பாதம் பட்ட கல் என்பதை அறிந்தவர் சிலரே.

பிறகு 1953-இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் 'ஔவையார்' படத்தை வெளியிட்டது. அது முதல் தமிழர் மனத்தில் ஔவைக்கு உருவம் அம்மையாரின் உருவமே. 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள். 1965-இல் 'திருவிளையாட'லில் மீண்டும் ஔவை. 1973-இல் 'காரைக்கால் அம்மையார்'. தமிழ் இசைச் சங்கம் இசைப் பேரறிஞர் என்றது. 1969-ஆம் வருஷத்துத் 'துணைவன்' படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசியப் பரிசு கிடைத்தது. அறுபது வயதைக் கடந்த தொண்டை அது! 1970-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

இந்த வரிசையைப் பார்க்கும்போது நமக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நந்தனார் ஆண், மணிமேகலை துறவி, ஔவை கிழவி, கவுந்தி சமணத் துறவி, காரைக்கால் அம்மையார் பேயுரு வேண்டிப் பெற்றவர். இருபத்தைந்து வயதுக்குப் பின் அம்மையார் ஏற்ற வேஷங்களில் இல்லறப் பெண்ணின் இன்பத்துக்கு இடமே இல்லை. அது அவருடைய காதலின் வைராக்கியம், அதைப் போற்றுகிறோம். ஆனால் அவர் வெள்ளைப் புடவை உடுத்தியிராவிட்டால் நாம் இவ்வளவு மரியாதை கொடுத்திருப்போமா? தமிழின் முதல் பேசும் படமான 1931-ஆம் வருஷத்துக் 'காளிதா'ஸில் கதாநாயகியாக நடித்து, 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தாமே இயக்கிய டி. பி. ராஜலக்ஷ்மியை இன்று எத்தனை பேர் நினைக்கிறோம்? கலைஞராக நின்றால் போதாது, தபஸ்வினியாகவும் ஆனால்தான் பெண்ணைக் கும்பிடுவோம் என்பது நமது நிபந்தனையானால், அது நியாயமான நிபந்தனையன்று. ஆண் கலைஞர் எவரிடமும் நாம் அந்த விலையைக் கேட்டதில்லை.

இனி நமது ஊர்க் காரியத்துக்கு வருவோம். பழைய தென்னார்க்காட்டின் இப்பகுதி தெருக்கூத்தின் விளைநிலம். திரௌபதி அம்மன் திருவிழாவில் இன்றும் பெரும்பாலும் ஆண்களே பாஞ்சாலி வேஷம் கட்டுகிறார்கள். மேலே கல்வராயன் மலையில், நாடு 1947-இல் சுதந்திரம் பெற்ற பின்னரும், 1976 வரையில் மலையாளி ஜனங்கள் ஜாகீர்தார்களின் கீழ் கூலியில்லா ஊழியம் செய்து கிடந்தார்கள். அம்மையார் சுதந்திர கீதம் பாடியபோது பிறந்த மலைக் குழந்தைகள் நடுவயதை எட்டிய பிறகே அச்சுதந்திரத்தைக் கண்டார்கள். 1937 அக்டோபரில் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்த சேலம் ஜில்லா இம்மலையின் மேற்குச் சரிவிலேயே இருக்கிறது. கிழக்கே கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மகத்தான ஒரு பாடகரின் வீட்டில் மது செய்ததை, கருணாபுரத்துக் கூலியாளின் வீட்டிலும் அது செய்தது. வெள்ளைப் புடவையின் துயரம் புகழுள்ளவளுக்கும் புகழில்லாதவளுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருத்திக்குக் குரல் இருந்தது. அது அவளைத் தூக்கி நிறுத்தியது. மற்றவர்களைத் தூக்கி நிறுத்துவது எது? அது நமது பொறுப்பல்லவா?

ஆகவே அரசியல் ஊழியர்களுக்கும் கோயில் நிர்வாகிகளுக்கும் நமது வேண்டுகோள் இது. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்திலோ சங்கராபுரத்துச் சேரியிலோ பாடும் குரலுள்ள ஒரு பெண் குழந்தை தென்பட்டால், காசு எறிந்துவிட்டுப் போகாதீர்கள்; நடேசய்யர் செய்ததைச் செய்யுங்கள். அவளுக்கு ஆசிரியர் தேடுங்கள். படிப்பும் பாட்டும் சேர்ந்து நடக்க வழி செய்யுங்கள். அவள் மேடையேறினால் அவளைப் பற்றிக் கேவலமாகப் பேசுபவனை முதலில் கண்டியுங்கள். இதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை.

வருகிற ஆடி வெள்ளியில் வேப்பமரத்து ஒலிபெருக்கி அக்குரலை எழுப்புமுன், கொடுமுடியில் பிறந்து, ரயிலில் பாடிப் பிழைத்து, தேசத்துக்காகப் பாடி, சட்டசபையில் அமர்ந்த சுந்தராம்பாள் பாடுகிறார் என்று யாரேனும் ஒருவர் அறிவிக்கட்டும். ஏர் பூட்டப் போகும் குடியானவர் நின்று கேட்பார். அவருடன் நிற்கும் சிறுமியும் கேட்பாள்.